சீட்டு நனைந்த நாள்

உவரியில் தொடங்கி இரண்டு நாள் சுற்று.
பாபநாசத்தில் பேருந்து ஏறும்போதே தூறல்,
கூரை ஒழுகியது என் மடிமேல்தான்.
பாளையங்கோட்டை ஆய்வுக்கூடத்தில் பிரித்தால்
ஐந்து துணிப்பை, ஐந்து சீட்டு,
ஐந்திலும் ஒரே நீலக் கறை.
ஊர் இல்லை, சர்வே எண் இல்லை, ஆள் இல்லை.

"திரும்பப் போய் எடுத்துட்டு வாரும்" என்றார் மேலாளர்.
பயணப்படி இரண்டு மாதம் பாக்கி.
நான் செய்தித்தாள் விரித்து
ஐந்தையும் தனித்தனியே கொட்டினேன்.

முதல் பை கறுப்பு, ஆனால் கனமில்லை.
பாதி மண், பாதி எப்போதோ இலையாயிருந்தது.
ஒரு வேர்நார், ஒரு தேயிலைக் காம்பு.
வருஷத்தில் எட்டு மாதம் நனைகிற மலை
தன் சுண்ணாம்பையெல்லாம் கழுவிக் கீழே அனுப்பிவிட்டு
விழுந்த இலையைத் தின்று பிழைக்கிறது.
மாஞ்சோலை. எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது, பிசைந்தால் கம்பியாய் நீண்டது,
வளைத்தால் வளையலாயிற்று.
மலை அனுப்பியதைப் பொருநை வாங்கி
கன்னடியன் கால்வாயில் போட,
காருக்கும் பிசானத்துக்கும் நடுவில்
காய நேரம் கிடைக்காத வண்டல்.
பரமகல்யாணி, கல்லிடைக்குறிச்சி. சந்தேகமே இல்லை,
அந்த வயல் விழுங்கிய என் வலது செருப்பு
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்றாவதும் கறுப்பு. இது வேறு கறுப்பு.
காய்ந்தால் உளி கேட்கும் கட்டி,
தண்ணீர் பட்டதும் உப்பி
விரலை விடமாட்டேன் என்றது.
மானூருக்கு வடக்கே மழை
ஐப்பசி கார்த்திகையில் தலைகாட்டிவிட்டுப் போகும்.
அதை உளுந்து காய்க்கும்வரை
இறுக்கிப் பிடித்துவைக்கப் பழகிய மண்
சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்து
வாய் திறந்தபடியே கிடக்கும்.
"சுக்கான் கல்லையும் சேத்தே அள்ளும்,
அதுவும் எனக்குப் பட்டா ஆனதுதான்" என்ற
ஆவுடைநாயகத்தின் காடு இது.

இதுவரை சரி.

நாலும் சிவப்பு, அஞ்சும் சிவப்பு.
ஒன்று நாங்குநேரி வானமாமலையின் கடலைக் காடு.
மற்றது குட்டத்துத் தேரியில்
லில்லிபுஷ்பம் வைத்திருக்கும் முருங்கைத் தோப்பு.
எது எது?
அமிலம் விட்டேன், இரண்டும் நுரைக்கவில்லை.
இரண்டுக்கும் ஒரே துரு நிறம்,
உள்ளங்கை ரேகையில் ஒரே கறை.

மலை மேகத்தைத் தன் பக்கமே வைத்துக்கொள்ளும்.
ஆரல்வாய்மொழி இடுக்கு வழியே
வெறும் மேல்காற்றைத்தான் அனுப்பும்.
ஆனி ஆடியில் பணகுடி விலக்கில் இறங்கினால்
முதலில் சட்டை போகும், பிறகுதான் ஆள்.
உடை மரம்கூட அங்கே
தலையைத் தட்டையாய் விரித்துத்தான் நிற்கும்.
அந்தக் காற்று வானமாமலையின் காட்டை அள்ளி
கடல் நெருங்கும்போது கை தளர்ந்து போட்டது.
எத்தனை ஆயிரம் ஆடியோ.
குட்டத்தில் மேடு மேடாய்க் குவிந்து கிடப்பது
பனை முளைத்த நாங்குநேரி.

"மேல்மண்ணு நிக்கவே மாட்டேங்கு சார்,
என்ன உரம் போட?" இது அவர்.
"நடையில தெனம் மண்ணு, வாரி மாளல,
இதுல என்னத்தப் பரிசோதிக்கப் போறீய?" இது அந்த அம்மா.
ஒருவரை ஒருவர் தெரியாது இவர்களுக்கு.

லென்ஸை எடுத்தேன்.
நாலாவது மணலில் தூசி ஒட்டியிருந்தது,
மணிகளுக்கு இன்னும் மூலை இருந்தது.
அஞ்சாவதில் தூசி இல்லை,
உருண்டு உருண்டு எல்லா மணியும் மழுங்கியிருந்தது,
நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்த பயணிபோல.

புதுச் சீட்டு எழுதினேன், இந்த முறை பென்சிலில்.
நாலு: வானமாமலை. மேற்கு வரப்பு உடையை வெட்ட வேண்டாம்.
அஞ்சு: லில்லிபுஷ்பம். தொழுவுரம், சொட்டு நீர்.
'மண்ணின் உரிமையாளர்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனது.

யாரோ உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டார்கள்.
நாலாவது தாளின் ஓரத்திலிருந்து
ஒரு சிட்டிகை சிவப்பு எழுந்து
அஞ்சாவது தாளுக்குப் போனது.
"விசிறிய அமத்தும் வே" என்று கத்தியபடி
இரண்டு கையாலும் மறித்து உட்கார்ந்திருந்தேன்.