என்ன நிறக் குதிரை

நரி கடித்தது இடது மணிக்கட்டில்.
பட்டப்பகலில் ஆட்டுப்பட்டிக்குள் வந்ததாம்,
நாய்க்கும் அஞ்சவில்லை, நெருப்புக்கும் அஞ்சவில்லை.
தொலைபேசியில் அதைக் கேட்டதுமே
எனக்கு வயிறு கலங்கியது.
பயந்த நரி நல்ல நரி.

பனியை உருக்கு, சோப்புப் போட்டுக் கழுவு என்றேன்.
எவ்வளவு நேரம்?
ஒரு கொப்பரைத் தேநீர் கொதித்து இறங்கும்வரை.
வைரஸின் மேலுறை வெறும் கொழுப்பு.
சோப்புக்கு அது எச்சில் பாத்திரம்.

பிறகு அவள் வந்துகொண்டிருந்தாள்,
கணவனின் மோட்டார் சைக்கிளில்,
மார்ச் மாதத்திலும் இளகாத தெஸ் ஆற்றின் மேல்.
அதுவும் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர்.
அதற்கு, மணிக்கட்டிலிருந்து மூளைவரை,
ஒரு சாட்டைக் கம்பின் நீளம்,
நாளொன்றுக்குச் சில விரற்கடை.
ஐந்தே மரபணு, தோட்டா வடிவில் ஓர் உடம்பு.
உடம்பு என்பதே பெரிய வார்த்தை.
நரம்பின் நுனியில் கதவைத் தட்டும்.
சரக்கென்று நம்பி நரம்பு ஏற்றிக்கொள்ளும்.
நரம்பின் சொந்த வண்டிகளே
கூலி கேட்காமல் இழுத்துப் போகும்.

சளிக்காய்ச்சல் வைரஸ் வேறு சாதி.
புகுந்த செல்லை நகலெடுக்கும் பட்டறையாக்கி,
பாழாக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.
அந்த இரைச்சலில் காவல் எழும், உடம்பு கொதிக்கும்.
இதுவோ
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறது.
ரோந்து போகும் வெள்ளணுக்கள்
அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.
மூளையில் விளக்கெரியும்போது ஓடிவரும்.
அப்போது வந்தென்ன.

வலது தோளில் தடுப்பூசி போட்டேன்.
செத்த வைரஸ், முகம் மட்டும் சிதையாதது.
அலையும் செல்கள் அதைத் துண்டாக்கி
அக்குள் கணுவுக்குச் சுமந்துபோகும்.
அங்கே பி செல்கள், எண்ண முடியாத கூட்டம்,
ஒவ்வொன்றிடமும் ஒரு சாவி.
பலதும் தன் பூட்டைக் காணாமலே சாகும்.
ஏதோ ஒன்றுக்குப் பொருந்தும்.
அது பெருகும், பெருகும்போது பிழை செய்யும்,
சில பிழைகளால் கூர்மையாகும்.
ஒரு வாரம் பிடிக்கும். பத்து நாள்கூட.

அதுவரை?

அதற்குத்தான் இரண்டாவது குப்பி.
பல் பதிந்த ஒவ்வொரு குழியிலும்.
தோல்கோர்சூரேன் வலியை மென்றுகொண்டே கேட்டாள்:
இது என்ன?
குதிரை, என்றேன்.
எங்கோ ஒரு நாட்டில் ஒரு குதிரைக்கு
இந்த நோயை அடையாளம் காட்டி
அதன் ரத்தத்திலிருந்து பிரித்தது.
உன் ஆட்கள் வரும்வரை வாசலில் நிற்கும்.

அவள் இருநூறு குதிரை மேய்ப்பவள்.
என்ன நிறம்? என்றாள்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தொகுதி எண் இருந்தது. காலாவதித் தேதி இருந்தது.
எங்கள் மொழியில் குதிரை நிறத்துக்கு
எத்தனையோ சொல்.
பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

எட்டாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு.
அவள் ரத்தத்தின் காவலர்கள்
அந்நியக் குதிரையை மோப்பம் பிடித்துவிட்டார்கள்.
உதவிக்கு வந்தது என்று
அவர்களிடம் யார் சொல்வது?
உதைக்கிறது, என்று சிரித்தாள், சொறிந்தபடி.
மாத்திரை கொடுத்தேன்.
உள்ளே ஆள் விழித்திருப்பது தெரிந்து
அன்றிரவு கொஞ்சம் தூங்கினேன்.

நரியின் தலையைச் சாக்கில் கட்டி
ஊலியாஸ்தாய்க்கு அனுப்பியிருந்தோம்.
பனி இளகிய சேற்றில் லாரி புதைந்தது.
அழுகிவிட்டது, சொல்வதற்கில்லை என்றது ஆய்வகம்.

ஆகவே தெரியாது.
அந்தச் சாட்டைக் கம்பின் நீளத்தில்
யாராவது நடந்தார்களா,
குதிரை யாரையாவது மறித்ததா,
வெற்றுத் தெருவில்தான் காவல் நின்றதா.
நினைவுச் செல்கள் மட்டும் அவளுக்குள்
வந்தானோ வராதவனோ ஒருவனின்
முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

மே மாதம், சிக்னல் கிடைக்கும் குன்றிலேறி அழைத்தாள்.
கை எப்படியென்று கேட்டேன். காதில் விழவில்லை.
காற்று. குட்டி ஈன்றிருக்கிறதாம் ஒன்று.
சாம்பலில் பால் சிந்தினாற்போல நிறம்,
இருக்கிற எந்தப் பெயருக்கும் அடங்கவில்லை.
பெட்டியில் எழுதிக்கொள், என்றாள்.