ஏழு தசம் நாலு

மல்லாவியிலிருந்து முதல் பஸ்.
கிளிநொச்சியில் கடை திறக்க இன்னும் அரை மணித்தியாலம்.
பூட்டின கதவுக்கு வெளியே நின்று
மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில்
திரும்பவும் கூட்டிப் பார்க்கிறேன்.
சீட்டுக் காசு எண்பத்தையாயிரம்.
சங்கக் கடன் அறுபது.
இதற்குள் ஒரு கணினி.

கடனுக்கு விபரம் தமிழில் வேண்டும் என்றார்கள், போன கிழமை.
நானே எழுதினேன்:
செயலி ஒன்று, தாய்ப்பலகை ஒன்று, நினைவகம் ஒன்று.
லிகிதர் அந்தச் சொல்லில் பேனையை வைத்துக்கொண்டு
நிமிராமல் கேட்டார்:
"நினைவகமோ? எந்தக் காணியிலை கட்டப்போறியள், பிள்ளை?"
விரல் நீளம்தான் என்று காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஒரு கோடு இழுத்து வெட்டி
மேலே ராம் என்று எழுதி
வெட்டினதற்குப் பக்கத்தில் சின்னதாய் ஒப்பம் வைத்தார்.

கடைக்குள்
கண்ணாடிப் பெட்டியொன்றில் சிவப்பும் நீலமும் சுற்றுகிறது,
திருவிழாச் சப்பறம் மாதிரி.
"எட்டுக் கோர் அக்கா, பறக்கும்" என்கிறான் நிதர்சன்.
பறந்து எங்கே போவது?
நான் கீறுவது வீடுகள்.
ஒரு மண்டபம், இரண்டு அறை, குசினி,
பிரதேச சபை முத்திரைக்குப் போகிற தாள்.
ஒரு கோடு முடிந்துதான் அடுத்த கோடு.
அதற்கு எட்டுப் பேர் வேண்டாம்,
ஒருத்தன் கெதியாய் நடந்தால் போதும்.
மற்றவர்கள் கைகட்டி நின்று சூட்டைக் கூட்டுவார்கள்.
என் அறைக்குத் தகரக் கூரை.
சித்திரையில் பகல் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைக்க ஏலாது.
பக்கத்து மில் ஸ்டார்ட் எடுத்தால்
குமிழ் ஒருக்கால் மங்கித்தான் எழும்பும்.
அறுபத்தைந்து வாற்றுக்கு மேல் தொடமாட்டேன்.
ஆறு கோர். படம் காட்டுகிறதும் அதற்குள்ளேயே இருக்கவேணும்,
தனிக் கார்டுக்குக் காசில்லை.

"சரி, ராம் நாலு நாலாய் இரண்டு போடுவம்.
இரண்டு பாதையாலும் ஓடும். எட்டு ஒன்றை விட வேகம்."

அவன் சொன்னது சரி.
எனக்கும் தெரியும்.

"எட்டு ஒன்று" என்றேன்.
"மற்றக் குழி சும்மா கிடக்கட்டும்."

"வேகம் குறையும் அக்கா."

"குறையட்டும்."

நான் கீறின வீடுகளை வந்து பார், தம்பி.
தூண் தலைகளில் கம்பியை வெட்டாமல் விட்டிருப்பார்கள்.
மேல்மாடிக்குக் காசில்லை,
சிலருக்குக் கூரைக்கே இல்லை.
ஆனாலும் வெட்டமாட்டார்கள்.
சிமெந்துத் தண்ணி பூசி
பொலித்தீன் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள்.
இரண்டு குழியையும் இன்றைக்கே நிரப்பினால்
அடுத்த சீட்டு விழுகிற நாளில்
எதைக் கழற்றி எங்கே எறிவது?

இதையெல்லாம் அவனுக்குச் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
கொக்கியைத் திறந்து துண்டை வைத்து அழுத்தினான்.
ஒரு பக்கம் டிக் என்றது.
மற்றப் பக்கத்துக்கு
என் பெருவிரலைக் கேட்டான்.

மாங்குளத்தில் பஸ் மாறி, பெட்டி மடியில்.
மயிலொன்று குறுக்கே வர டிரைவர் பிரேக் அடித்தான்.
என் இரண்டு கையும் பெட்டியைப் பிடித்தன,
நெற்றி முன்கம்பியில் போய் மோதியது.

இரவு ஒன்பதுக்கு உயிர் வந்தது.
ராம் எட்டு.
பாவிக்கக்கூடியது ஏழு தசம் நாலு.
மிச்சத்தைப் படம் காட்டுகிறவன் எடுத்துக்கொண்டான்,
கிழமைக் கடன்காரர்
முதல் கிழமைக் காசைக் கழித்துவிட்டு
எண்ணித் தருவது போல.
பழகின கணக்கு.
கோபம் வரவில்லை.

விடிய எழும்பி
கெங்காதேவி அக்காவின் வீட்டைத் திறந்தேன்.
குசினிக் கதவைக் கிணற்றுப் பக்கம் மாற்றச் சொன்னவ.
மாற்றினேன்.
சுணங்காமல் நகர்ந்தது.
மில் ஸ்டார்ட் எடுத்தது. குமிழ் மங்கியது.
யூபிஎஸ் ஒருதரம் கீச்சிட்டு அடங்கியது.
கதவு
வைத்த இடத்திலேயே நின்றது.