பக்கம் 192

படங்கள் மூவாயிரத்து நானூறு.
சிசெல் அனுப்பியது, நோர்வேயிலிருந்து.
சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்டங்களும் உள்ளே கலந்து.
இறங்கி முடிய இரண்டு இரவும்
ஒரு மாத டேட்டாவும் போயின.

கார்த்திகைக்குள் புத்தகமாக வேண்டும்.
கோட்டைமுனையில், பல் டாக்டருக்கு மேல்மாடி:
இரண்டு கணினி, ஒரு பற்றரி,
நான், ஏறாவூரிலிருந்து வரும் ஹஸ்மியா.

"நாடகமா?" என்று கேட்டாள் முதல்நாள்.
நாடகமென்றால் பார்க்க ஆள் வேண்டுமே.
இதில் வந்தவரெல்லாம் ஆடுபவர்.
மூன்று நாள் வேறொரு பெயரில் சாப்பிட்டு
அந்தப் பெயரிலேயே படுத்து
அந்தப் பெயருக்காக அழுகிறார்கள்.
"காசு குடுத்தா?"
காசு கொடுத்துத்தான்.

பிறகு வேலை பழகிவிட்டது.
படத்தின் கீழ் எப்போதும் ஒரே ஒழுங்கு:
ஆட்டம், ஊர், ஆண்டு, எத்தனை பேர், எத்தனை நாள், எடுத்தவர்.
கைக்கடிகாரம் கழற்ற மறந்த சூனியக்காரியை ஒதுக்கினோம்.
முகம் வேண்டாமென்று எழுதிய பதினொரு பேரைச்
சுவரில் ஒட்டினோம்.
அதில் ஏழாவது ஆள்
நல்ல படங்கள் எல்லாவற்றிலும் நட்டநடுவில் நின்றார்.

112, 113. இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படம்.
பனி. முள்வேலி. வரிசை.
கையால் எழுதிய அடையாள அட்டைகள்.
ஹஸ்மியா பெரிதாக்கிப் பார்த்தாள்.
"சென்றி நல்லாத்தான் கட்டியிருக்காங்க.
மண்மூட்டை மட்டும் பிழை.
இப்பிடி அடுக்கினா மழைக்குச் சரிஞ்சிரும்."
சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

வரிசையில் ஒருத்தி மட்டும்
இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்
குறுக்காக வைத்திருந்தாள்.
சிசெலிடம் கேட்டேன். பதில் வந்தது:
இப்போது நான் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.
அப்படித் தூக்கினால் எவரும் தொடமாட்டார்கள்,
சிப்பாயும் ஒதுங்கி வழிவிடுவான்.

வாசித்துக் காட்டினேன்.
ஹஸ்மியா திரையை விட்டுத் திரும்பவில்லை.
"கையத் தூக்கினா விட்டிருவாங்க" என்றாள்.
கேள்வியா என்று தெரியவில்லை.
கீழே பல் டாக்டரின் எந்திரம்
கீச்சிட்டு, நின்று, மறுபடி கீச்சிட்டது.

அந்தக் கைகள் சரியாக நடுமடிப்பில் விழுந்திருந்தன.
தைத்துக் கட்டினால்
மணிக்கட்டிரண்டும் உள்ளே போய்விடும்.
புத்தகத்தை எவ்வளவு விரித்தாலும்
சும்மா நிற்கும் ஒருத்திதான் மிஞ்சுவாள்.
படத்தை ஒன்பது மில்லிமீற்றர் இடப்பக்கம் நகர்த்தினேன்.
இடது ஓரத்தில் சிப்பாய்க்குத் தோள் வெட்டுப்பட்டது.
"பரவாயில்ல, போகட்டும்."

அச்சகத்துக்குப் பக்கங்கள் பதினாறு பதினாறாக வேண்டும்.
எங்களிடம் நூற்றுத் தொண்ணூற்றொன்று.
கடைசியை வெள்ளையாக விடச் சொன்னாள் சிசெல்.
ஆட்டம் முடிந்தபின் எடுத்த எதுவும்
இந்தப் புத்தகத்துக்குள் வராது
என்பது அவளுடைய முதல் விதி.
விதியில் பிழை சொல்ல முடியாது.
ஆனால் கோப்பு 2871ஐ என்ன செய்ய?
தொப்பி முழங்காலில் கிடக்க,
அதே சிப்பாய், அதே பெண்ணோடு
ஒரே சட்டியில் நூடில்ஸ் தின்கிறான்.
சிரிப்பில் அவளுக்குப் புரையேறுகிறது.
ஆவி பட்டுப் படம் கொஞ்சம் மங்கல்.

ஹஸ்மியா அதை 192இல் வைத்தாள்,
முத்திரை அளவில், வலது கீழ்மூலையில்.
வைத்துவிட்டு அந்தச் சின்ன முகத்தை
இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்,
கண் கட்டங்களாய் உடையும்வரை.

"அவர்ர சொந்தப் பேர் என்னண்டு கேளுங்க."

ஆட்டம், ஊர், ஆண்டு ஒன்றும் வேண்டாமாம்.
பேர் மட்டும்.
கேட்டு எழுதினேன்.

ஏன், என்று ஒரு சொல் திரும்பி வந்தபோது
கரண்ட் போயிருந்தது.
பற்றரியில் இன்னும் இருபது நிமிடம்.
அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.