முழுப்பேர்

கார்த்திகை மழை. காலைப் பிரட்டில்
"நீ மலைக்குப் போகாதே, கல்லுக்குப் போ"
என்றார் கங்காணி ஆரோக்கியம்.

ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் இருக்கிறது கல்.
சண்டைக் காலத்தில் ஒரு விமானம்
ஹப்புத்தளைப் பனிக்குள் வழி தெரியாமல் வந்து
பாறையில் மோதியதாம்.
கனடாக்காரப் பையன்கள், ஐந்து பேர்.
பன்னிரண்டு தேயிலைச் செடி பிடுங்கி
இடம் விட்டது தோட்டம்.

கத்தியால் பாசி சுரண்டினேன்.
இங்கிலீசு எழுத்து எனக்கு வராது.
இலக்கம் வரும், தராசில் படித்தது.
இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்திநாலு.
மறுபடியும் பத்தொன்பது.
ஐந்தாவது ஆளுக்கு வயசும் இல்லை, பேரும் இல்லை.
பட்டியலில் இல்லாமல் கடைசி நேரத்தில் ஏறியவனாம்;
சட்டைத் தோளில் ஊர்ப்பேர் மட்டும்
எரியாமல் கிடந்ததாம்.
அவனுக்கு ஒரே ஒரு வரி.
கிளார்க்கர் ஒருநாள் வாசித்துச் சொன்னார்:
'கடவுளுக்குத் தெரிந்தவன்.'
கடவுளிடமும் ஒரு செக்ரோல் இருக்கும்போல.

கல்லின் நெற்றியில் ஓர் இலை,
விரல் விரலாகப் பிரிந்தது.
முப்பத்தொரு வருஷம் இலை கிள்ளியவள் நான்,
இந்தச் சாதி எந்த மலையிலும் கண்டதில்லை.
கொழுந்தா முற்றலா என்று
சும்மா நகம் வைத்துப் பார்த்தேன்.

பதினொரு மணிக்குத் தூதரகத்து ஆட்கள் வர வேண்டும்.
பெரகலையில் மண்சரிவு.
டிரைவர் சோமதிலக மட்டும் சேற்றைத் தாண்டி வந்தான்,
ஒரு கையில் சிவப்புக் காகிதப்பூ வளையம்,
மறு கையில் சப்பாத்து.
படம் பிடிக்க ஆள் வேண்டுமாம்.
படங்கு கட்டியபடியே வளையத்தோடு நின்றேன்.
"ரெண்டு நிமிஷம் பேச வேணாம்" என்றான்.

முதல் நிமிஷம் கொழுந்தைத்தான் நினைத்தேன்:
இந்நேரம் மற்றவர்கள்
ஒன்பது கிலோ போட்டிருப்பார்கள்.
கணுக்காலில் அட்டை ஏறிக் குடிப்பது தெரிந்தது,
குனியவில்லை.
இரண்டாவது நிமிஷத்தில்
பத்தொன்பது வந்து முன்னால் நின்றது.
என் சின்னவனுக்கு வருகிற தையில் பத்தொன்பது.
வெள்ளவத்தைக் கடையொன்றில் தட்டுக் கழுவுகிறான்.
கூப்பிட்டு மாசம் ஒன்றாகிறது.

சோமதிலக படத்தைக் காட்டினான்.
வளையம் தெளிவாக இருந்தது.
என் தலை பாதி பனியில்.

சாயந்தரம் நிறுவைக் கொட்டிலில்
"கல்லுக்கு அரைப்பேர்தான்" என்று
அரைப்பேர் போட்டார் ஆரோக்கியம்.
மிச்ச அரைப்பேரை
மேலே பேரில்லாமல் கிடப்பவனுக்குப் போட்டதாக
மனசைத் தேற்றிக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன்.

ஈர விறகை ஊதும்போதுதான்
கோபம் வந்தது.