பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு

கரிசலாங்கண்ணித் தூள் பேர்ணிலிருந்து வந்தது,
காலாவதிக்கு ஒரு மாதம் இருக்க, பாதி விலையில்.
செம்பருத்தி மிக்றோ கடைப் பூச்சட்டி:
ஜன்னலோரம் பதினொன்று பூத்தது,
பதினொன்றையும் கிள்ளினேன்.
வெந்தயம் வீட்டில் எப்போதும்.

மின்னடுப்பு. ஆறில் வைத்தால் கருகும்,
மூன்றில் வைத்தால் விடிந்துவிடும்.
நாலில் வைத்துக் காவல் நின்றேன்,
அடியில் கசடு மெழுகாய்த் திரண்டு
மணலாய் உதிரும்வரை.
திரியில் தோய்த்துக் கொளுத்தினேன்: சடசடப்பில்லை,
ஈரம் போய்விட்டது.
புகை உணரிதான் கத்தியது.
கீழ்வீட்டு ஹெர் ஷ்டூடர் படியேறி வந்து
மணத்தைப் பற்றி மிக மரியாதையாகக் கேட்டார்.

இரண்டு போத்தல். ஒன்றில் இது,
மற்றதில் வெறும் தேங்காயெண்ணெய்.
இரண்டுக்கும் கறுப்புத் தாள் சுற்றினேன்.
மணம் காட்டிக்கொடுக்காதா?
இல்டாவுக்குக் கொடுக்காது.
அந்தக் காய்ச்சலோடு அவளுக்கு மணமும் போனது,
கொத்துக்கொத்தாய் முடியும் போனது.

கிறெஞ்சன் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை அவள்.
மணிக்கூட்டுப் பல்சக்கரத்தை அளந்து,
பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு மில்லிமீற்றர் பிசகினால்
சிவப்புப் பெட்டிக்குள் போடுவோம்.
வேறு பேச்சில்லை.

வகிடெடுத்தேன். இடதுக்கு மூலிகை,
வலதுக்கு வெறும் எண்ணெய்.
ஒன்பது ஞாயிறு.
தொடங்கிய நாளுக்கு முந்தின இரவு
அவள் பூசிய செஞ்சாயம் எனக்குக் கோடு கிழித்துத் தந்தது:
தோலுக்கும் சாயத்துக்கும் நடுவில் இருப்பது புதுமுடி.
வேலையிடத்துக் கலிப்பர்,
சொல்லாமல் கொண்டுவந்தது.

கடைசி ஞாயிறு
இடது இருபத்தொன்று தசம் நாலு.
வலது இருபத்தொன்று தசம் நாலு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி அளந்தேன்.
வெளியே யூரா மலையை
மூடுபனி முழுசாய் விழுங்கியிருந்தது.
"எப்படி?" என்றாள், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

பதினெட்டு வருஷத்தில்
ஒரு சக்கரத்துக்கும் நான் பொய் எழுதியதில்லை.
கொப்பியில் எழுதினேன்:
இடது, 22.1

எழும்பினாள். துவாயால் கழுத்தைத் துடைத்தாள்.
கொப்பியைப் பார்த்தாள், கலிப்பரை எடுத்தாள்,
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
தானே அளந்தாள்,
வேலையில் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு.

திரும்பி வந்து என் பேனையை வாங்கி
அந்த ஒன்றின் தலையில் ஒரு கோடு இழுத்து
ஏழாக்கினாள்.

"வலது பக்கம் பாவம்,
அடுத்த ஞாயிறு அதற்கும் இதையே பூசு."