நோக்கங்கள்: ஆறாவது வரைவு

செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை.
மற்ற நாட்களில் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது,
தொலைபேசி அடித்து அடித்துத் தானே ஓயும்.
முப்பத்தொரு குழந்தைகள், இரண்டு வகுப்பறை,
ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மலை,
மலையை அடைத்துக்கொண்டு மழை.
கம்ப்ரியாவில் மார்ச் மாதம் என்றால் இவ்வளவுதான்.

ஆய்வாளர் வரப்போவதாகக் கடிதம் வந்ததும்
தலைமையாசிரியை ப்ரெய்த்வெயிட்
பள்ளியின் பன்னிரண்டு விழுமியங்களை ஆறாக்கினார்.
பணிவு போயிற்று.
பொறுமை, விடாமுயற்சிக்குள் அடங்கிவிட்டதாம்.
நன்றியறிதலை வைத்துக்கொள்ளலாமா என்று
குருவானவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம்.
அவர் தலையில் ஏழு ஆலயங்கள்.
பதில் இன்னும் வரவில்லை.

‘எமது பாடத்திட்டம் ஒவ்வொரு குழந்தையையும்’
என்று தொடங்கும் வாக்கியத்தை
ஐந்து முறை தட்டச்சு செய்துவிட்டேன்.
ஒவ்வொரு வரைவிலும் அந்தக் குழந்தைக்கு
ஒரு நற்குணம் கூடியது,
மூக்கு ஒழுகுவது நின்றது,
கடைசியில் முகமே இல்லாமல் போயிற்று.

இந்த மாதத்துக்கு உண்மை.
நீல அட்டையில் வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
வியாழன் காலை ஜெபத்துக்கு
மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்,
பேட்டரியில் எரிவது; நெருப்புக்கு அனுமதியில்லை.
நேற்று யார் உண்மையாக இருந்தீர்கள் என்று கேட்டார் தலைமையாசிரியை.
உடைந்த கோப்பை. துலக்காத பல்.
தம்பியின் பிஸ்கட்.
திறந்திருந்த கதவு வழியே கேட்டபடி
சாப்பாட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ப்ரையனி டைசன் எழுந்தாள். இரண்டாம் வகுப்பு.
ஸ்வெட்டர் கையில் அயோடின் கறை.
“எங்க ஆட்டுக்குக் குட்டி செத்தே பிறந்துச்சு.
அப்பா அதோட தோலை உரிச்சார்,
ஈர சாக்ஸைக் கழட்டுற மாதிரி.
அம்மா இல்லாத இன்னொரு குட்டிக்கு
அதைச் சட்டையா மாட்டினார். நாலு ஓட்டை, நாலு கால்.
ஆடு மோந்து பார்த்துச்சு.
தன்னோடதுன்னு நினைச்சுப் பால் குடுத்துச்சு.”
உட்காரவில்லை.
“மிஸ், அது பொய்தானே?”

எண்ணிக்கொண்டிருந்த காசு எனக்குத் தவறிவிட்டது.
ரோவன் சொன்னான்:
“ஆடு கேக்கவே இல்லையே. கேட்டாத்தானே பொய்.”
முன் வரிசையில் சப்பணமிட்டிருந்த
நான்கு வயதுக்காரி ஒருத்தி,
“தோல் இல்லாத குட்டிக்குக் குளிருமா?” என்றாள்.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ப்ரெய்த்வெயிட்டை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும்.
எதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பார்.
அன்று மெழுகுவர்த்தியை எடுத்து
அடியிலிருந்த பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.
“தெரியலையே, ப்ரையனி” என்றார்.
பிறகு ஆமென் சொல்ல மறந்து
எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

இடைவேளையில் என் ஜன்னலுக்கு வந்தாள் ப்ரையனி,
ஒரு பூட்ஸைக் காணவில்லையாம்.
தேடிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டே சொன்னாள்:
“மூணு நாள் கழிச்சுச் சட்டையைக் கழட்டிடுவோம்.
அதுக்கப்புறமும் ஆடு அதை விரட்டாது.”
“ஏன்?”
என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள்.
“அதுக்குள்ள பால் உள்ள போயிடுமே.”

மதியம் ஆறாவது வரைவில்
ஒரு வரி சேர்த்தேன், யாரையும் கேட்காமல்:
‘தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம்.’
தலைமையாசிரியை பென்சிலால் அடித்தார்.
பிறகு ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார்.
பிறகு மறுபடி அடித்தார், இம்முறை மெல்லிசாக.
“ஆய்வாளருக்கு இதை எந்தக் கட்டத்துக்குள் போடுவதென்று புரியாது.”
காகிதத்தில் இரண்டு கோட்டின் தடமும் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில்
டைசன் பண்ணை வேலியோரம் காரை நிறுத்தினேன்.
சட்டை போட்டது எது என்று பார்க்க வேண்டும்.
வைப்பர் ஒரு பக்கம் தள்ளியது,
மழை மறுபக்கம் அப்பியது.
எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி நனைந்திருந்தன.
சில மண்டியிட்டுக் குடித்துக்கொண்டிருந்தன,
வால் துடிக்க.
என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.