நாற்பத்தோராம் மாதிரி

பூங்காவனத்தின் இதயத்தை நிறுத்தி
வால்வு மாற்றி
மறுபடி ஓடவிட்ட ஆறாம் மணித்தியாலத்தில்
எடுத்த ரத்தம் இது. இன்னும் இளஞ்சூடு.

கண்டி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
சுழல்பொறி நின்றதும் சிவப்பு அடியில் தங்குகிறது.
மேலே, இரண்டாந்தரம் ஊற்றிய
தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம்.

அதில் நான் தேடுவது ஒரு புரதம்.
நுரையீரலின் உட்சுவரில் இருக்கவேண்டியது,
ரத்தத்தில் அதற்கு வேலையில்லை.
இருந்தால் சுவர் எங்கோ கசிகிறது.

எக்ஸ்ரே தெளிவு. ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு.
என் இயந்திரம் மட்டும்
பெரிய எண் ஒன்றைத் துப்புகிறது.

எங்கள் லயத்துப் பீலியில்
ஒருநாள் செம்மண்ணாய் வந்தது தண்ணி.
அன்று மழையில்லை. மலை சும்மா இருந்தது.
மண்சரிவு ஆட்கள் வந்து சிவப்புத் தாள் ஒட்டினார்கள்:
வெளியேறவும்.
எங்கே என்று தாளில் இல்லை.

இங்கேயும் மூச்சு மெஷின் நாலுதான்.
விடிந்தால் ஹட்டன் பையனுக்கு ஒன்று வேண்டும்.

ஆய்வு முடியும்வரை
எண்ணை வார்டுக்குச் சொல்லக்கூடாது.
கையெழுத்து வைத்திருக்கிறேன்.
பூங்காவனமும் வைத்தாள்,
படிவத்தின் தமிழ்ப் பக்கத்தில், எழுத்துக் கூட்டி.
"இதால எனக்கு ஒண்ணும் கெடைக்காதுதானே?"
"கிடைக்காது. பிறகு வாறவங்களுக்கு."
"பரவாயில்ல, எடுங்க."

பதினொன்றேகால். மூன்று மாடி ஏறினேன்.
வாங்கில் அவள் புருஷன் சிவனு
பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறான்.
உள்ளே டொக்டர் ஹர்ஷனி
குழாயின் பிளாஸ்டரை உரிக்கத் தொடங்கியிருந்தார்.

"இன்றைக்கு ராவே எடுக்கிறீங்களா?"
சிங்களத்தில் கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன்.

மொனிட்டரைப் பார்த்ததைவிட
என் முகத்தை அதிக நேரம் பார்த்தார்.
பிளாஸ்டரைத் திரும்ப அழுத்தி ஒட்டினார்.

காலைப் படமும் தெளிவு.
பத்து மணிக்குக் குழாய் எடுத்தார்கள்.
இருமினாள். சிவனு சாப்பிட்டானா என்று கேட்டாள்.
நடுச்சாமத்திலிருந்து பட்டினி கிடந்த ஹட்டன் பையன்
வார்டுக்குத் திரும்பிப் போனான்.
அவன் அம்மா பிஸ்கட் பக்கெட்டை உடைத்த சத்தம்
நடைபாதை முழுக்கக் கேட்டது.

நாற்பத்தொன்று.
மூச்சுத் திணறியதா? இல்லை.
மறுபடி குழாய் இட்டார்களா? இல்லை.
அப்படித்தான் நிரப்பினேன்.
என் எண் பிழைத்த எண்ணாகப் போய்ச் சேரும்.
கசிவு தானாக அடைபட்டதா,
அந்த ஒரு ராத்திரி அடைத்ததா,
ரத்தத்தைக் கேட்டாலும் சொல்லாது.
நான் கேட்ட கேள்வியை எழுத
அந்தத் தாளில் கட்டமில்லை.

மலையும் இன்னும் விழவில்லை.
சிவப்புத் தாள் வெளுத்து ரோசாவாகிவிட்டது,
அதன்மேல் தம்பி கலண்டர் மாட்டியிருக்கிறான்.
தாள் ஒட்டியவர்களைப் பொய்யர்கள் என்கிறான்.
இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால்
சுகம் விசாரிக்கும் முன்னமே கேட்டுவிடுகிறேன்:
பீலியில தண்ணி
இன்னைக்கு என்ன நெறத்துல வருது?